ஒட்டுப் போட்ட பேண்ட்: மாட்டுங்கா, குர்லா, செம்பூர் வழியாக ஒரு நாள்

மலையேறப் போட்டுக்கொள்ள ஒரு பேண்ட் வாங்குவதற்காக, டிசம்பர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை தாராவியிலிருந்து கிளம்பி மாட்டுங்கா, குர்லா, செம்பூர் என்று சுற்றிவிட்டு மாலை வீடு திரும்பினேன். மொத்தம் ஏழரை மணி நேரம். தூரம் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. மணாலிக்கும் மூணாறுக்கும் போய்வந்தவர்கள் எழுதுகிற இடத்தில் இதையும் பயணம் என்று எழுதலாமா என்று தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கர்ஜத் பக்கம் மலையேறப் போக ஆசைப்படுகிற பெண்கள், அதற்கு முன்னால் போய்வர வேண்டிய பயணம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன் போனேன் என்று சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய பிறகு, இரண்டு வருடமாகத் தாராவியில் பை தைக்கும் ஒரு பட்டறையில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வருகிற பைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டுப்போனதையும், கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டு மறைத்ததையும் கண்டுபிடித்து ஒதுக்கி வைக்க வேண்டும். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. அதனாலேயே எனக்குப் பிடிக்கும். பள்ளிப் பிள்ளைகளை மலையேற அழைத்துப் போகிற ஒரு குழுவுக்காக எங்கள் பட்டறையில் அறுபது பைகள் தைத்தோம். அவற்றை வாங்க வந்தவர் ஸ்மிதா தாயி. தாயி என்றால் மராத்தியில் அக்கா. நான் வாயைத் திறக்காமல் நான்கு பைகளைத் தள்ளி வைத்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வருகிறாயா?" என்று இந்தியில் கேட்டார். பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு உதவியாள் வேண்டுமாம். ஒரு ஞாயிறுக்கு எழுநூறு ரூபாய், சாப்பாடும் ரயில் செலவும் தனி. முதலில் ஒருமுறை வந்து பார், பிறகு முடிவு செய்யலாம் என்றார்.

போனேன். அண்ணனின் பழைய ஜீன்ஸைச் சுருக்கிப் போட்டுக்கொண்டு போனேன். பைகளில் கனமான துணிதான் உழைக்கும். அதனால் பேண்ட்டிலும் கனமானதுதான் நல்லது என்று நினைத்தேன். கர்ஜத் பக்கத்துக் குன்றின் முக்கால் உயரத்தில் எட்டடிப் பாறை ஒன்று வருகிறது. கையை மேலே பற்றிக்கொண்டு வலது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். தூக்கினேன். இரண்டு கால்களும் சேருகிற இடத்தில், முன்னாலிருந்து பின்னால் வரை தையல் பிரிந்தது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். நான் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்து மூன்று பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். மேலே இருந்து ஸ்மிதா தாயி, "பயமா இருக்கா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கிழிந்துவிட்டது என்று சொல்வதைவிடப் பயம் என்று சொல்வது எளிதாக இருந்தது. பைவாரை நீளமாக்கி, பையைப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டே கீழே இறங்கி வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. உயரத்துக்குப் பயப்படுவது தப்பில்லை, வருகிற ஞாயிறு இன்னொரு தடவை முயற்சி செய், அப்போதும் முடியவில்லை என்றால் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்கு ஞாயிறுக்குள் கிழியாத ஒரு பேண்ட் வேண்டும். எங்கே கிழிந்தது என்று யாரிடமும் சொல்லாமல் அதை வாங்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. காலை 10:10க்குக் கிளம்பினேன். துணைக்கு என் அண்ணன் மனைவி செல்வி மதினி வந்தார். அவருக்கு மாட்டுங்காவில் காப்பிப்பொடி வாங்க வேண்டியிருந்தது. என் பெயர் பேச்சி. எங்கள் வீட்டில் பேசுகிறவர் மதினிதான்.

"ஏட்டி, உங்க அண்ணன் சீன்ஸ் ஒண்ணு வச்சிருந்தேல்லா, அது என்னாச்சு?"

"சுருங்கிட்டு மதினி."

"சீன்ஸ் எங்கயாவது சுருங்குமா? நீ பெருத்துட்ட, அதச் சொல்லு."

தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து சயான் ஸ்டேஷனுக்கு நடை, பதினெட்டு நிமிடம். நடைமேம்பாலம் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கினால் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பேருந்து கிடைக்கும். ஆளுக்குப் பத்து ரூபாய், பத்து நிமிடம். பை இல்லாமல் போகிறவர்கள் நடந்தே போய்விடலாம், இரண்டு கிலோமீட்டர்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 10:55. நான் பார்த்து வைத்திருந்த கடை பதினொன்றரைக்குத்தான் திறக்கும் என்று கீழே பூ விற்கிற அம்மா சொன்னார். அதுவரை காப்பி குடித்தோம். இரண்டு காப்பி எண்பது ரூபாய். மதினி டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "இதுக்குள்ள நாற்பது ரூவா எங்ஙன இருக்கு?" என்று சப்ளையரிடமே கேட்டுவிட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடை முதல் மாடியில். மலையேறுகிறவர்களுக்கான சாமான்கள் மட்டும் விற்கிறார்கள். கல்லாவில் இருந்த பெரியவர் மாட்டுங்காவிலேயே பல வருடமாக இருக்கிற தமிழர். நான் அங்கே தொங்கிய ஒரு பேண்ட்டைக் காட்டிக் கேட்பதற்குள் மதினி, "நல்லா உழைக்கிற மாதிரி எடுத்துப் போடுங்க, கிழியவே கூடாது" என்றார். அவர் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டார். விலை 2,899. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் உடை மாற்றும் அறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு மூன்று முறை குத்தவைத்து எழுந்தேன். காலைத் தூக்கிச் சுவரில் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் பிடிக்கவில்லை. ஒன்றும் போடாததுபோல் இருந்தது.

கழற்றிய பிறகு பழக்க தோஷத்தில் உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். இரண்டு கால்களும் சேருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சாய்சதுரமாக ஒரு தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தது. நாலு பக்கமும் தையல். எனக்குக் கிழிந்த அதே இடம். பார்த்தவுடன் முடிவு செய்துவிட்டேன். இது ஏற்கெனவே கிழிந்து, ஒட்டுப் போட்டு, புதுசு என்று விற்கிற மால். பட்டறையில் இப்படி ஒரு பை வந்தால் கேள்வியே கேட்காமல் ஒதுக்குவோம். வெளியே வந்து மதினியின் காதில், "ஒட்டுப் போட்டிருக்காங்க. செகண்ட்ஸ்" என்றேன்.

காதில் சொன்னது கல்லாவுக்குப் போய்விட்டது.

"அண்ணாச்சி, கிழிஞ்சத ஒட்டுப் போட்டு மூவாயிரத்துக்கு விக்கியளே, இது நியாயமா?"

"ஒட்டு இல்லம்மா, டிசைன். எல்லாப் பேண்ட்லயும் அப்படித்தான் வர்றது."

"டிசைனா? எங்க வீட்டுக்காரரு லுங்கிலயும் இந்த டிசைன் இருக்கு. எலி போட்டது."

பெரியவர் கோபப்படவில்லை. வேறு ஒன்றை எடுத்துக் காட்டினார். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். "இது ஹண்டிங் பேண்ட். முழங்காலுக்கு ரெண்டு மடிப்புத் துணி, முள்ளு ஏறாது. 4,200."

"வேட்டைக்கா? இந்த ஊர்ல யாரு வேட்டைக்குப் போறா?"

"இங்க வேட்டையாடினா ஜெயில்தாம்மா. பேரு அப்படி. பறவை பாக்கறவா, போட்டோ எடுக்கறவா வாங்கிண்டு போறா."

விலையைக் கேட்டவுடன் அதைத் தொடவே பயந்தேன். பெரியவர்தான் கையில் கொடுத்தார். அன்று நான் கற்றதில் பாதி அந்த ஒரு பேண்ட்டிலிருந்துதான். துணியைத் துணியோடு தேய்த்தால் சத்தம் வரவில்லை. மிருகம் ஓடிவிடாமல் இருப்பதற்காக அப்படி நெய்வார்களாம். பாக்கெட்டுகளுக்கு மூடி இருந்தது, அதனால் குனிந்தால் எதுவும் கீழே விழாது. இடுப்புப் பட்டையின் உள்பக்கம் மெத்தென்ற துணி, அதனால் வியர்த்தாலும் அறுக்காது. இரண்டு கட்டைவிரல்களையும் தையலின் இரண்டு பக்கமும் வைத்து இழுத்தேன். பைகளை இப்படித்தான் பார்ப்போம். நூல் தெரியவே இல்லை. கவுட்டைப் பக்கம் மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. பெரியவர் எதிரில் நிற்கும்போது அங்கே கை வைக்க வெட்கமாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு இறங்கினோம்.

மாட்டுங்கா மத்திய ரயில்வே ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை. குர்லாவுக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், இரண்டாவது ஸ்டேஷன். பகல் 12:50 வண்டியில் உட்கார இடமே கிடைத்தது. குர்லா மேற்கில் ஏற்றுமதிக்குத் தைத்துத் தள்ளுபடியான துணிகளைக் குவித்து விற்கிற கடைகள் இருக்கின்றன. காலை பதினொன்றுக்கு முன் போனால் நல்ல சரக்கு கிடைக்கும் என்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரு மணி தாண்டிவிட்டது. மதினி போனவுடன் ராணுவ உடை மாதிரி புள்ளி போட்ட பேண்ட் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"இத எடு புள்ள. பாக்கவே கெத்தா இருக்கு."

"அது கூடாது மதினி. அவங்க குழுவுல மிலிட்டரி பிரிண்ட் போட்டு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஏன், நீ போய் சண்ட போட்ருவன்னா?"

மலைக்குக் கீழே இருக்கிற ஊர்க்காரர்களும் காட்டிலாகா ஆட்களும் அதைப் பார்த்தால் தேவையில்லாத கேள்வி வரும் என்று ஸ்மிதா தாயி சொல்லியிருந்தார். இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். மண் நிறம், சாம்பல், மங்கிய பச்சை ஆகியவை போதும்.

இருபது நிமிடம் குவியலைக் கிளறிய பிறகு மங்கிய பச்சையில் ஒன்று கிடைத்தது. அட்டையில் மான் தலை படமும், என்னால் படிக்க முடியாத ஒரு மொழியும் இருந்தன. மூடி வைத்த பாக்கெட், இரண்டு மடிப்பு முழங்கால், தேய்த்தால் சத்தம் வராத துணி. மாட்டுங்காவில் 4,200க்குப் பார்த்ததன் தூரத்து உறவு. இது ஏன் தள்ளுபடிக்கு வந்தது என்று திருப்பிப் பார்த்தேன். கவுட்டைத் தையலில் மூன்று இடத்தில் ஊசி தாவித் தையல் விட்டிருந்தது. சாய்சதுரத் துண்டு எதுவும் இல்லை. ஒட்டு இல்லாத நல்ல மால் என்று அதற்காகச் சந்தோஷம் வேறு பட்டேன்.

உடை மாற்ற அறை கிடையாது. மதினி சேலை முந்தானையை விரித்துப் பிடித்துக்கொள்ள, மூலையில் லெக்கிங்ஸுக்கு மேலேயே போட்டுப் பார்த்தேன். இடுப்பு சரி. நீளம் நாலு அங்குலம் அதிகம். குத்தவைத்தபோது கவுட்டையில் பிடித்தது. தையலைப் பிரித்து ரெட்டைத் தையல் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கடைக்காரர் 450 சொன்னார். மதினி இருநூறில் ஆரம்பித்தார். தாவிய தையலை நான் விரலால் காட்டியதும் 320க்கு வந்தார். வெளியே வந்து ஆளுக்கு ஒரு வடாபாவ் சாப்பிட்டோம். இரண்டும் சேர்த்து முப்பத்தாறு ரூபாய்.

குர்லாவிலிருந்து செம்பூருக்கு ஹார்பர் லைன் ரயிலில் ஐந்து ரூபாய், எட்டு நிமிடம். கோவண்டியில் இருக்கிற மதினியின் தங்கை எப்போதும் துணி சரிசெய்யக் கொடுக்கிற கடை செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடையில் இருக்கிறது. இரண்டு பேர் நிற்க முடியாத கடை. தைக்கிறவர் ஷபானா ஆப்பா, நாற்பது வயது இருக்கும். ஆப்பா என்றால் உருதுவில் அக்கா. எல்லாம் இந்தியில்தான். என்ன செய்யணும் என்று கேட்டார். நீளம் குறைக்கணும் என்றேன். வேறு? நான் மறுபடியும் கால் முனையையே மடித்துக் காட்டினேன். கவுட்டைத் தையலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். அந்த இடத்துக்கு எனக்குத் தெரிந்த தமிழ் வார்த்தையை ஒரு கடையில் நின்று சொல்ல முடியாது. இந்தியில் வார்த்தையே தெரியாது.

"பேரு மட்டுந்தான் பேச்சி" என்று மதினி தமிழிலேயே சொன்னார்.

ஆப்பா பேண்ட்டைத் திருப்பினார். தாவிய தையலில் விரலை விட்டுப் பார்த்தார். "யஹாங் மியானி டாலூங் க்யா?" என்று என்னைக் கேட்டார். இங்கே மியானி போடவா என்று.

மதினிக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது. "பிரியாணி வேண்டாம் ஆப்பா, இப்பத்தான் வடாபாவ் தின்னுட்டு வாரோம்."

ஆப்பா மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு மேலே தொங்கிய ஒரு சல்வாரை இறக்கி, உள்பக்கம் திருப்பி, இரண்டு கால்களும் சேருகிற இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு சாய்சதுரத் துண்டு இருந்தது.

"இதுதான் மியானி. இது இருந்தா கால் எப்படி விரிஞ்சாலும் தையலுக்கு இழுப்பு போகாது. துணி கனமா இருக்கிறது பெரிசில்ல. கனமான துணில மியானி இல்லன்னா இன்னும் சீக்கிரம் பிரியும், அது வளையாதுல்ல. இதப் போட்டு மலை ஏறுனா ஒரு நாள் நடு வழியில போயிடும்."

"போயிடுச்சு" என்றேன்.

"என்ன போயிடுச்சு?"

"போன தடவ. வேற பேண்ட். மியானி இல்ல. அதே இடத்துல."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்பதே தெரிந்தது. ஆப்பா தலையை ஆட்டிவிட்டு அளவு நாடாவை எடுத்தார். அவருக்கு இது தினமும் கேட்கிற விஷயம்.

மதினி மட்டும் என்னையே பார்த்தார். "ஏளா, அதுக்குத்தான் ஒரு வாரமா மூஞ்சத் தூக்கிட்டு இருந்தியா? நீ மலையக் கண்டு பயந்துட்டன்னு உங்க அண்ணன்ட்ட நானே சொன்னேனே."

"நானும் அப்படித்தான் சொன்னேன் மதினி."

"யாருட்ட?"

"அந்தத் தாயிட்ட."

மதினி ஏதோ நினைவு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, மாட்டுங்கால அந்த மனுசன்ட்ட எலி போட்டதுன்னு சொல்லிட்டனே. இனி அந்தத் தெருப் பக்கம் காப்பிப்பொடி வாங்கவே போக முடியாது போலுக்கே." அப்போதுதான் காப்பிப்பொடி வாங்க மறந்துவிட்டோம் என்பதும் தெரிந்தது.

சின்ன வயதிலிருந்து நான் போட்ட ஒவ்வொரு சல்வாரிலும் அந்தத் துண்டு இருந்திருக்கிறது. நான் கவனித்ததில்லை. இரண்டு வருடமாகப் பைகளையே பார்த்து, தனியாக ஒரு துண்டு தைத்திருந்தால் அது கிழிசலை மறைக்கத்தான் என்று பழகியிருந்தேன். பை குத்தவைத்து உட்காருவதில்லை. காலைத் தூக்கிப் பாறையில் வைப்பதில்லை. ஏதோ ஒரு பேண்ட் கெட்டி என்றால் அது அசையும்போதும் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நீளத்தில் வெட்டிய நாலு அங்குலத் துணியிலேயே ஆப்பா மியானி வெட்டினார். அதே துணி, அதே நிறம். அதனால் கால் குறைக்கக் கொடுக்கிறவர்கள் வெட்டின துண்டைத் தூக்கிப் போட விடாதீர்கள். ஐம்பது நிமிடம், 140 ரூபாய். திரைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வந்ததும் அவர் என்னைக் கடை வாசலிலேயே குத்தவைத்து எழச் சொன்னார். பத்து தடவை. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு எண்ணுவதில் கவனம் போய்விட்டது. பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. செம்பூரிலிருந்து சயானுக்குப் பேருந்து ஆளுக்குப் பதினைந்து ரூபாய். வீட்டுக்குள் நுழைந்தபோது மணி 5:40.

ஞாயிறு காலை ஆறு மணிக்குள் குர்லா ஸ்டேஷனில் இருக்க வேண்டும். கர்ஜத்துக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நாற்பது ரூபாய், அரை மணி நேரம். பிறகு நடை. இந்த முறை இருபத்தொரு பிள்ளைகள். அவர்களில் பதினொருவர் பெண்கள். அந்தப் பாறைக்கு 10:20க்கு வந்தோம். கையை மேலே பற்றினேன், வலது காலைத் தூக்கி வைத்தேன், ஏறிவிட்டேன். அவ்வளவுதான். அதை எழுத வேறு ஒன்றும் இல்லை. மேலே நின்று ஒவ்வொரு பெண்ணுக்கும் கை கொடுத்தேன்.

எல்லோரும் ஏறி முடித்ததும் ஸ்மிதா தாயி என் தோளில் கை போட்டுக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தார். "போன தடவை இதே இடத்தில் பயத்தில் உட்கார்ந்துவிட்டவள் இவள்தான். இன்றைக்குப் பயத்தை ஜெயித்துவிட்டாள். எப்படி ஜெயித்தாய் என்று இவர்களுக்குச் சொல்" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

வேலை கிடைத்துவிட்டது என்று அந்தக் கையின் கனத்திலேயே தெரிந்தது. தைரியமாக இருக்க வேண்டும் என்று ஏதாவது ஒரு வரி சொன்னால் முடிந்துவிடும். என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் ஆறேழு பேர் ஜீன்ஸ் போட்டிருந்தார்கள். அண்ணனுடைய பேண்ட்டைச் சுருக்கிப் போட்டவளும் அவர்களில் இருந்திருக்கலாம்.

"பயம் இல்ல தாயி. அன்னைக்குப் பேண்ட் கிழிஞ்சிடுச்சு. மியானி இல்லாத பேண்ட்."

பையன்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. தாயி சிரிக்கவில்லை. தோளிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப நான் கேட்டப்ப ஏன் பயம்னு தலையாட்டின?"

"சொல்ல வார்த்தை இல்ல தாயி."

"என்கிட்ட பொய் சொல்லியிருக்க."

"ஆமா."

அவர் எல்லோரையும் நடக்கச் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். இறங்கி ஊர் வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் அவர் முன்னாலேயே நடந்தார். பேண்ட் வாங்க ஆன செலவை மனசுக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன். பேண்ட் 320, தையல் 140, வழிச்செலவும் சாப்பாடும் இரண்டு பேருக்கும் சேர்த்து 186. மொத்தம் 646. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம்கூட இல்லை. ஆனால் அந்தச் சம்பளம் வராது என்றுதான் நினைத்தேன்.

டீக்கடையில் எல்லோருக்கும் டீ வந்த பிறகு அவர் ஒரு நோட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். "அந்தத் துண்டு எங்கே வரும், வரைந்து காட்டு" என்றார். வரைந்தேன். நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அஞ்சு வருசமா பொண்ணுங்க பாறையில நின்னுட்டா, கீழ பாக்காத, மூச்ச இழுத்து விடுன்னு சொல்லிட்டிருக்கேன். அதுல எத்தன பேருக்குப் பயம், எத்தன பேருக்குப் பேண்ட்னு இப்பத் தெரியல." பிறகு டீயைக் குடித்துவிட்டு, "அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு வந்துடு. கர்ஜத்துல இறங்குன உடனே பொண்ணுங்க பேண்ட்ட நீதான் செக் பண்ணணும். பேசாம பண்ற வேலை இல்ல, பாத்துக்க" என்றார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். பிராண்டும் விலையும் பார்ப்பதற்கு முன்னால் பேண்ட்டை உள்பக்கம் திருப்பி, கவுட்டையில் தனித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்லது, ஒட்டு என்று சண்டை போடாதீர்கள். இல்லாவிட்டால் எந்தத் தையல்காரரிடமும் மியானி என்று சொன்னால் புரியும். நூற்றைம்பது ரூபாய்க்குள் வேலை முடியும். புது பேண்ட்டைப் போட்டுப் பத்து முறை குத்தவைத்து எழுங்கள், ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், காயாது, வீட்டிலேயே இருக்கட்டும். லெக்கிங்ஸ் நன்றாக வளையும். ஆனால் முள்ளில் ஒரு தடவை மாட்டினால் போச்சு. பணம் இருந்தால் மாட்டுங்கா கடைக்கே போங்கள், அந்தப் பெரியவர் நல்ல மனிதர். நாங்கள் செய்ததுபோல் செய்யாதீர்கள். பையில் ஊசி நூலும் நாலு சேஃப்டி பின்னும், இடுப்பில் கட்ட ஒரு துப்பட்டாவும் எப்போதும் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு கர்ஜத் பிளாட்பாரத்தில் ஒன்பது பெண்களை வரிசையாக நிற்கவைத்து, உட்காரச் சொன்னேன். யாரும் உட்காரவில்லை. ரயிலுக்கு நின்ற ஜனமெல்லாம் எங்களைப் பார்த்தது. கடைசியில் நான் முதலில் குத்தவைத்தேன், அப்புறம் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். இரண்டு பேரால் பாதிக்கு மேல் மடங்க முடியவில்லை. பாறை வந்ததும் அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நான் கீழ் வழியாகச் சுற்றிப் போனேன். இருபது நிமிடம் அதிகமானது. மேலே போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தாயி நகர்ந்து இடம் கொடுத்தார். அவர்களிடம் யாரும் பயமா என்று கேட்கவில்லை.